கையொப்பமும் விளிப்பெயரும்: ஹவுராவின் நாராயண் தேப்நாத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

 

சில வாரங்களுக்கு முன்பு, கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய நூல் விற்பவர் ஒருவரிடம் நாராயண் தேப்நாத்தின் காமிக்ஸ் தொகுதிகள் இரண்டைக் கண்டேன். இரண்டிலும் ஓவியரின் கையொப்பம் இருந்தது. ஒன்றில் கையொப்பம் மட்டுமே. மற்றொன்றில் கையொப்பத்துக்குக் கீழே வங்க ஆண்டு 1421 எனக் குறிக்கப்பட்டிருந்தது. நம் கணக்கில் 2014 அல்லது 2015. கையொப்பத்துக்கு மேலிருந்த ஒரு வரி மட்டும் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பெயர் முழுவதும் போய்விட்டது. அதன் இறுதியில் ஒட்டியிருந்த 'கே' என்னும் உருபு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வங்க மொழியில் இந்த உருபு இத்தகைய இடத்தில் தமிழின் நான்காம் வேற்றுமை 'கு'வின் வேலையைச் செய்வது. யாரோ ஒருவருக்கு அளிக்கப்பட்ட நூல் அது. அந்த ஒருவர் அழிக்கப்பட்டுவிட்டார். 'க்கு' மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஏன் சுரண்டினீர்கள் என்று கேட்டேன். தாம் சுரண்டவில்லை, தம்மிடம் விற்றவர் சுரண்டிக் கொண்டுவந்தார் என்றார் அவர். பெயரில்லாத கையொப்பத்துக்கே நல்ல விலை. இன்னாருக்கு என்று எழுதியிருந்தால் வாங்குபவர் தயங்குவார் என்று விளக்கமும் சொன்னார்.

இப்பதிவு அந்தச் சுரண்டலைப் பற்றியது. காமிக்ஸ் நூலில் படைப்பாளியின் கையொப்பம் பெறும் வழக்கத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, படைப்பாளி தன் பெயரைப் பதிப்பாளரிடமிருந்து மீட்டெடுத்த வரலாறு. மற்றொன்று, படைப்பாளி வாசகரைப் பெயர்சொல்லி விளித்த வரலாறு. இன்றைய சேகரிப்புச் சந்தை முதலாவதைப் போற்றுகிறது. இரண்டாவதைக் குறைபாடாகக் கணக்கிடுகிறது. ஆனால், வாசிப்பு வரலாற்றை எழுத முனைவோருக்கு இரண்டாவதே அரிய ஆவணம். என் வாதம் இவ்வளவுதான்.

1. ஷிப்பூர்

நாராயண் தேப்நாத் 1925 நவம்பர் 25 அன்று ஹவுராவின் ஷிப்பூரில் பிறந்தார். குடும்பம் இன்றைய வங்கதேசத்தின் விக்ரம்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது. தொழில் பொன் நகை வணிகம். இளமையில் அவர் வரைந்தவை நகைகளுக்கான வடிவங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியன் ஆர்ட் காலேஜில் ஓவியம் பயின்றார். பட்டம் பெறாமலே வெளியேறினார். விளம்பர நிறுவனங்களுக்கும் திரையரங்க விளம்பர வில்லைகளுக்கும் வரைந்து பிழைத்தார். 1950 வாக்கில் ஜாமாபுகூர் சந்திலிருந்த தேவ் சாகித்ய குடீர் பதிப்பகத்தின் தொடர்பு கிடைத்தது. அப்பதிப்பகம் 1948 முதல் 'சுக்தாரா' என்னும் சிறுவர் மாத இதழை நடத்திவந்தது. விடிவெள்ளி என்பது அப்பெயரின் பொருள்.

1962-இல் 'ஹாந்தா–போந்தா', 1965-இல் 'பாண்டுல் தி கிரேட்', 1969-இல் 'கிஷோர் பாரதி' இதழில் 'நொன்டே–ஃபொன்டே' என மூன்று தொடர்கள் தொடங்கின. ஹாந்தா–போந்தாவை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கை எழுதி வரைந்தது. உலகக் காமிக்ஸ் வரலாற்றிலேயே இதற்கு இணைகள் மிகக் குறைவு. காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹவுராவுக்கு வீடு திரும்பும் வழியில் பாண்டுல் என்னும் பாத்திரம் தமக்குத் தோன்றியதாக அவரே கூறியிருக்கிறார். அகன்ற மார்பும் மெலிந்த கால்களும் கொண்டு, பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்து வெறுங்காலுடன் திரியும் அந்த வீரனுக்கு, உடற்பயிற்சி வீரர் மனோகர் ஆய்ச்சின் உருவம் முன்மாதிரி என்பர்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஹாந்தா–போந்தா என்னும் இணை தேப்நாத்துக்கு முன்பே சுக்தாராவில் அவ்வப்போது வெளிவந்ததுண்டு. அதன் ஆசிரியர் பெயர் 'போல்தா', அதாவது குளவி. அப்புனைபெயருக்குப் பின்னிருந்தவர் புகழ்பெற்ற ஓவியர் பிரதுல்சந்திர பந்த்யோபாத்யாய். அதே தலைமுறையின் மற்றொரு கேலிச்சித்திரக்காரரான பிரபுல்லசந்திர லாஹிரி, தம் ஆங்கில முதலெழுத்துகளான பி, சி, எல் மூன்றையும் ஒரே சொல்லாக இணைத்துப் 'பிசியெல்' என்று ஒப்பமிட்டார். 'காஃபி கான்' என்னும் பெயரிலும் வரைந்தார். வங்கச் சித்திரக்கதையின் தொடக்கக் காலத்தில் பெயர் என்பது முகமூடியாகவும் விளையாட்டாகவும் இருந்தது. தேப்நாத் தம் சொந்தப் பெயரிலேயே இக்கதைகளைத் தொடர்ந்து செய்தார். மூன்று தலைமுறைச் சிறுவர்களுக்கு அப்பெயர் பாத்திரங்களின் பெயரோடு சேர்ந்தே மனப்பாடமாயிற்று.

ஆயினும், சேகரிப்பாளர் தேடும் 'கையொப்பமிட்ட பிரதி' அக்காலத்தில் ஏறத்தாழ இல்லை எனலாம். காரணம் எளியது. மாத இதழ் பல கைகள் மாறிக் கிழிந்து பழைய தாளோடு எடைக்குப் போகும் பண்டம். அதில் கையொப்பம் வாங்க யாருக்கும் தோன்றாது. 2010களில் லால்மாட்டி பதிப்பகம் கெட்டி அட்டையுடன் 'காமிக்ஸ் சமக்ர' தொகுதிகளைக் கொண்டுவந்த பின்னரே, ஒப்பமிட்டு அலமாரியில் வைக்கத்தக்க பொருளாக அக்கதைகள் மாறின. மதிப்புகளும் அதே காலத்தில்தான் வந்தன: 2013-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது, 2015-இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் டி.லிட்., 2021-இல் பத்மஸ்ரீ. எண்பது வயதைக் கடந்த மனிதரைத் தேடி, குழந்தைப் பருவத்தைக் கடந்த வாசகர்கள் ஷிப்பூர் வீட்டுக்குச் சென்றார்கள். அரங்கும் நுழைவுச்சீட்டும் அங்கே இல்லை. இருந்தவை ஒரு வீட்டுக் கதவும் ஒரு முதியவரும்தான். பத்மஸ்ரீ பதக்கமும் அப்படித்தான் அவரைத் தேடி வந்தது: 2022 ஜனவரியில், இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மருத்துவமனைப் படுக்கையில் அதைப் பெற்றார். ஜனவரி 18 அன்று காலமானார்.

2. மீட்கப்பட்ட பெயர்

காமிக்ஸ் கையொப்பத்தின் முதல் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஹவுராவிலிருந்து சற்று வெளியே செல்ல வேண்டும்.

டொனால்ட் டக் கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் அவர் நூல்களில் அச்சாகவில்லை. அட்டையில் இருந்த கையொப்பம் வால்ட் டிஸ்னியுடையது. கோட்டின் தரத்தை மட்டும் அடையாளமாகக் கொண்ட வாசகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்று குறிப்பிட்டுவந்தனர். 1960-இல்தான் ரசிகர் ஒருவர் பெயரைக் கண்டறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டனின் ஃபிளீட்வே நிறுவனத்தில் ஓவியர் தம் பெயரைப் படத்தின் மூலையில் எழுதினால், அதை வெண்மையிட்டு மறைப்பது அலுவலக வழக்கம். 1977-இல் '2000 ஏடி' இதழில் கெவின் ஓ'நீல் படைப்பாளிகளின் பெயர்களைக் கதையோடு அச்சிட்டது அங்கே ஒரு கலகமாகவே கருதப்பட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியக் கதையன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி' ஃபிளீட்வேயின் படைப்பு. மூலத்தொடர் 'வேலியண்ட்' இதழில் தொடங்கியது 1962-இல். அதே ஆண்டில்தான் ஷிப்பூரில் ஹாந்தா–போந்தா தொடங்கினான். மாயாவியை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. லண்டனில் மறைக்கப்பட்ட பெயர் சிவகாசியில் எப்படித் தெரியும்? மாயாவியை மனப்பாடமாக அறிந்த தமிழ்ச் சிறுவர்களின் தலைமுறை பிளாஸ்கோவை அறியாமலே வளர்ந்தது. எனவே தமிழில் கையொப்பம் கேட்கும் ஆசை வேறு திசையில் திரும்பியது. ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன்–முத்து வாசகர்கள் கூடும்போது ஒப்பம் கேட்பது பதிப்பாசிரியரிடம். ஓவியர் கண்காணாத் தொலைவில் இருக்க, கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரே படைப்பாளியின் இடத்தில் அமர்கிறார். இதைப் பிழையென்று ஒதுக்க இயலாது. மொழிபெயர்ப்பில் வாழும் ஓர் இலக்கிய வகைக்கு அது இயல்பான விளைவு.

இப்பின்னணியில், 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ரசிகர்கள் தாமே தொடங்கிய மாநாடுகளும், 1970 முதல் சான் டியேகோவில் நடந்துவரும் கூடுகையும், 1974 முதல் பிரான்சின் அங்குலேமில் நடந்துவரும் திருவிழாவும் என்ன செய்தன என்பது விளங்கும். அச்சில் இல்லாத பெயரை, அச்சிட்ட தாளின் மேலேயே படைப்பாளியைக் கொண்டு எழுதவைத்தன. இதுவே மீட்பு. அங்குலேமில் ஒப்பத்தோடு ஒரு சிறு படமும் வரைந்து, கேட்பவரின் பெயரையும் எழுதித் தருவது மரபு.

3. விலையும் சாட்சியும்

2000-இல் அமெரிக்காவில் சிஜிசி என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. காமிக்ஸ் பிரதியைப் பத்துப் புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டுத் திறக்கவியலாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது அதன் பணி. கையொப்பமிட்ட பிரதிக்கு மஞ்சள் சீட்டு உண்டு. ஆனால், நிறுவனத்தின் சாட்சி ஒருவர் கண்ணெதிரே ஒப்பமிடப்பட்டிருந்தால்தான் அச்சீட்டு கிடைக்கும். சாட்சியில்லாத ஒப்பம், எவ்வளவு உண்மையானதாயினும், தாளின் மேல் எழுதப்பட்ட கிறுக்கலாகவே மதிப்பிடப்பட்டுவந்தது.

மொழியியல் மாணவருக்கு இது சுவையான இடம். கையொப்பம், பியர்ஸின் சொல்லாட்சியில், சுட்டுக்குறி: புகை நெருப்பைக் காட்டுவதுபோல, அது ஒரு கை அங்கே இருந்ததைக் காட்டுகிறது. 'இன்னாருக்கு அன்புடன்' என்ற வரியோ ஆஸ்டின் கூறும் செயற்கூற்று: சொல்லும்போதே கொடுத்தல் நிகழ்கிறது. சந்தை முதலாவதை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஒப்பமிட்டவர் வேண்டும், பெற்றவர் வேண்டாம். பெற்றவரின் இடத்தில், நிறுவனத்தின் சாட்சி நிற்கிறார். தன்மை இருக்கிறது, படர்க்கை இருக்கிறது. முன்னிலை மட்டும் இல்லை.

பெயரெழுதிய பிரதிக்கு விலை குறைவதன் காரணம் இதுவே. மறுபடி விற்பதற்கான பொருளில் முன்னவரின் பெயர் இருப்பது இடையூறு. ஓவியர்கள் சிலர் இதைத் திருப்பிப் பயன்படுத்துவதும் உண்டு: கேட்பவரின் பெயரை எழுதியே தீருவோம் என்பார்கள், மறுநாளே விற்பனைக்குப் போகாதிருக்க.

மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு உண்டா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 57-ஆம் பிரிவில், உரிமையை விற்ற பின்னும் படைப்பு தம்முடையது என்று கோரும் உரிமையை ஆசிரியருக்கு அளிக்கிறது. 53ஏ பிரிவு மூல ஓவியமும் மூலக் கையெழுத்துப்படியும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது படைப்பாளிக்குப் பங்கு கோர வழிசெய்கிறது. அச்சுப் பிரதியோ, அதில் ஒப்பம் இருந்தாலும், அப்பிரிவின் எல்லைக்குள் வராது. ஆக, ஷிப்பூர் வீட்டில் இலவசமாக இடப்பட்ட ஒரு கையொப்பம் நாளை எவ்வளவு விலைக்குப் போனாலும் அக்குடும்பத்துக்கு அதிலிருந்து சட்டப்படி ஏதும் சேராது.

இந்தியாவில் காமிக் கான் 2011 பிப்ரவரியில் டில்லி ஹாட்டில் தொடங்கி, 2024-இல் சென்னைக்கும் 2025-இல் கொல்கத்தாவுக்கும் வந்தது. இத்தகைய கூடுகைகளை நான் குறைத்துப் பேசவில்லை. இளம் ஓவியர்கள் தம் நூலைத் தாமே மேசையில் அடுக்கி, ஒப்பமிட்டு விற்பதற்கு இடம் தருவன அவையே. அங்கே பரவிவரும் மதிப்பீட்டு முறையைப் பற்றியதே என் கவலை. தேப்நாத் மறைந்துவிட்டதால் அவருடைய ஒப்பங்கள் இனிப் பெருகப்போவதில்லை. விலை ஏற ஏறப் பிளேடுகளும் வேலை செய்யும்.

4. சை, ஒப்பம், எழுத்து

வங்கத்தில் ஒப்பம் கேட்பதற்குத் தனி மரபுண்டு; அது சந்தைக்கு முந்தையது. சீனாவிலும் ஜப்பானிலும் பயணம் செய்தபோது தாகூரிடம் விசிறிகளையும் ஒப்ப ஏடுகளையும் நீட்டியவர்களுக்கு அவர் வெறும் பெயரை எழுதவில்லை, குறுங்கவிதைகள் எழுதினார். அத்தகைய கவிதைகளே பின்னர் 1927-இல் அவருடைய கையெழுத்திலேயே அச்சாகி 'லேகன்' என்னும் நூலாயின. சிறுவன் சத்யஜித் ராய் சாந்திநிகேதனில் ஒப்ப ஏட்டை நீட்டியபோது எட்டு வரிக் கவிதை கிடைத்ததையும், இவன் வளர்ந்தபின் இதன் பொருளறிவான் என்று தாகூர் தாயிடம் சொன்னதையும் வங்கத்தில் அறியாதார் இல்லை. கேட்டவரை நோக்கி எழுதுவதே ஒப்பம் என்னும் எண்ணம் இம்மண்ணில் ஊறியது.

வங்க மொழியில் கையொப்பத்துக்கு இருபெயர். ஒன்று 'ஸ்வாக்ஷர்', தன்னெழுத்து. மற்றொன்று பேச்சில் வழங்கும் 'சை'. 'சரியானது' எனப் பொருள்படும் 'சஹீஹ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது இது. இதே ஒலியுடைய இன்னொரு 'சை', 'சகி'யிலிருந்து பிராகிருதத்தின் வழியே வந்தது. தோழி என்பது பொருள். பொறுத்துக்கொள்கிறேன் என்னும் வினைவடிவமும் இதே ஒலியில் வரும். 2000-இல் நபனீதா தேவ் சென் பெண் எழுத்தாளர் அமைப்பொன்றை நிறுவி இம்மூன்று பொருளும் ஒலிக்க 'சை' என்று பெயரிட்டார். சரிபார்ப்பும் தோழமையும் ஒரே ஒலியில் தற்செயலாகச் சந்தித்தவை. என் வாதத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளவில்லை. எனினும் சந்தை ஒரு 'சை'யை வைத்துக்கொண்டு மற்றதைச் சுரண்டுகிறது என்று சொல்லிப் பார்க்கத் தடையில்லை.

தமிழிலும் ஒப்பத்தின் சொற்கள் ஆராயத்தக்கவை. 'ஒப்பம்' என்பதில் உடன்பாடு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் சாட்சியமளிப்போர் 'இவை என் எழுத்து' என்னும் வாய்பாட்டால் முடிப்பர். பெயரெழுதத் தெரியாதவர் இட்ட குறி 'தற்குறி'. தன்னைக் குறிப்பது என்னும் மதிப்பான பொருளிலிருந்து அச்சொல் வசையாகத் தாழ்ந்தது தனிக்கதை. நம் ஆவண மரபிலும் எழுத்து தனித்து நிற்பதில்லை. யாருக்கு, எதற்காக என்பது கல்லிலேயே உண்டு. பெறுபவரின் பெயரை உளியால் நீக்கிவிட்டு, 'இவை என் எழுத்து' என்பதை மட்டும் ஆவணமென்று எந்தக் கல்வெட்டியலாரும் ஏற்கமாட்டார்.

5. சுரண்டியபின் எஞ்சுவது

சிறுவர் காமிக்ஸின் வாசகர் யார் என்னும் வினாவுக்கு நம்மிடம் ஆவணங்கள் குறைவு. அச்சுப்படிகளின் எண்ணிக்கை எத்தனை விற்றது என்று சொல்லும். எந்தத் தெருவில் யார் படித்தார் என்று சொல்லாது. வாசகர் கடிதப் பகுதி சிலரைக் காட்டும். பெயரும் தேதியும் எழுதிய ஒப்பப் பிரதி, ஒரு வாசகரையும் ஒரு படைப்பாளியையும் ஒரு நாளையும் ஒரே தாளில் பிணைக்கிறது. பெயர் ஆணா பெண்ணா, 'சிநேகத்துக்குரிய' என்று விளிக்கப்பட்டாரா 'மதிப்புக்குரிய' என்றா, பெற்றோர் குழந்தைக்காக வாங்கினாரா, நடுவயதினர் தமக்காகவே வாங்கினாரா என்பவை அவ்வொரு வரியில் பதிவாகின்றன. விளிச்சொல் சமூக உறவின் இலக்கணம் என்பதை மொழியியலில் முதல் பருவத்திலேயே படிக்கிறோம். அந்த இலக்கணத்தின் சான்றுகள்தாம் இன்று பிளேடுக்கு இரையாகின்றன.

இதற்கு மறுப்பும் உண்டு. நூல் உரியவரின் சொத்து. விற்கவும் அழிக்கவும் அவருக்கு உரிமையுண்டு. பெயரை நீக்குவது தம் அந்தரங்கத்தைக் காக்கும் செயலாகவும் இருக்கலாம். உண்மைதான். ஒரு குடும்பம் இக்கட்டில் நூலை விற்கும்போது பெயர் வெளியே தெரியக்கூடாது என்று எண்ணுவதை யார் குறைசொல்ல முடியும்? அதனால்தான் அழிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அழிக்குமுன் பதிவுசெய்யுங்கள் என்றும் கேட்கிறேன்.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தேப்நாத்தின் நூலாயினும், லயன்–முத்து வெளியீடாயினும், அமர் சித்திரக் கதையாயினும், படைப்பாளியோ பதிப்பாசிரியரோ உங்கள் பெயரெழுதி ஒப்பமிட்ட பிரதி வீட்டில் இருந்தால், அப்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கேட்டு, யாருக்காக என்று நான்கு வரி எழுதி அதனுடன் சேருங்கள். விரும்பினால் எனக்கு அனுப்புங்கள். உங்கள் இசைவின்றிப் பெயரெதுவும் வெளியிடப்படாது. அனுப்ப விருப்பமில்லையெனில், அந்நூலுக்குள்ளேயே அக்குறிப்பைச் செருகி வையுங்கள். நாளை ஓர் ஆய்வாளர் கைக்கு அது போகக்கூடும்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் பார்த்த இரண்டில் சுரண்டிய பிரதியையே வாங்கினேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துவிட்டதால் விலை குறைவு; ஆய்வு உதவித்தொகைக்கு அதுவே கட்டுப்படியாயிற்று. யாருக்கு என்பதை நான் இனி அறியப்போவதில்லை. 2014 அல்லது 2015-இல் தொண்ணூறை நெருங்கிய ஒருவர், ஒரு பெயரைக் கேட்டு, அதை எழுதி, உருபு சேர்த்து, கீழே ஒப்பமிட்டார் என்பது வரை தெரியும். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்பிரதியைச் சேர்த்திருக்கிறேன். பெற்றவர் பெயருக்கான கட்டத்தில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரிசைகளில் அச்சொல்லை எழுத நேராதிருக்க உங்கள் உதவி வேண்டும்.